சவள் அங்கிள் வாங்காத கூலி

ஒரு வீட்டு வாசலில் குளிர்காலம் முழுவதும் பனி அள்ளுவதற்கு எவ்வளவு செலவாகும்?

போன வாரம் ஒபிஸில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒருத்தி என்னிடம் இதைக் கேட்டாள். புதிதாக வீடு வாங்கியிருக்கிறாள். சாதாரணக் கேள்விதான். கொம்பனிக்காரன் எடுக்கும் தொகையைச் சொல்லிவிட்டு நான் என் சோற்றைப் பார்த்திருக்கலாம். ஆனால் "அது ஆளைப் பொறுத்தது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவும்போதும் யோசித்தேன், வீட்டுக்கு வரும் ரயிலிலும் யோசித்தேன். இன்னமும் எனக்கு விடை தெரியாது.

காரணம், சவள் அங்கிள்.

கனடாவில் மொன்றியல் தீவையும் ஆற்றுக்கு இந்தப் பக்கத்தையும் சேர்த்து எத்தனை இலட்சம் பேர் பனி அள்ளுகிறார்களோ தெரியாது. ஆனால் பனி விழாவிட்டால் கோபித்துக்கொண்டு, விழுந்தால் கலியாண வீட்டுக்குப் புறப்படுகிறவர் மாதிரி வெளிக்கிட்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். இதை எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், புரோசார்டில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அவர் பக்கத்து வீடு. பனி அள்ளும் அகன்ற தகட்டை எங்கள் ஆட்கள் சவள் என்போம். அதைக் கையில் பிடிக்காமல் அவரைக் கண்டவர்கள் குறைவு என்பதால் தெருவில் இருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் சவள் அங்கிள். அவருடைய மனைவி பாவம், ஒரு நாளும் சவளைத் தொடாதவர், அவரும் சவள் அன்ரி ஆகிவிட்டார்.

அங்கிளின் சீருடையைச் சொல்ல வேண்டும். அடியில் தடித்த பனிக் காற்சட்டை. அதற்கு மேல் மடித்துக் கட்டிய கட்டம்போட்ட சாரம். தலையில் கண் மட்டும் தெரியும் குல்லா. அதற்கும் மேலே, வீதி வேலை செய்பவர்கள் போடும் மஞ்சள் அங்கி. சாரம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"சாரம் இல்லாட்டி வேலை செய்யிற மாதிரி இருக்காது பிள்ளை."

நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம் என் வயிற்றில் ஏழு மாதம். என் கணவருக்கு நெடுந்தூர லொறி ஓட்டும் வேலை, கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். முதல் பெரும்பனி விழுந்த காலையில், கடையில் வாங்கிய புதுச் சவளோடு நான் வாசலில் இறங்கினேன். இரண்டு தரம் அள்ளியிருப்பேன். பக்கத்து வளவிலிருந்து ஒரு சத்தம்.

"பிள்ளை! உமக்கென்ன விசரே? பிள்ளைத்தாச்சி சவள் பிடிக்கிறதோ? உள்ளை போம்!"

"இல்லை அங்கிள், கொஞ்சம்தானே..."

"கொஞ்சமோ? உதை நிறுத்தால் உம்மடை மனிசன்ரை லொறி கொள்ளாது. உள்ளை போம் எண்டுறன்!"

பெரியவர்கள் உள்ளே போ என்றால் போகப் பழகிய பிள்ளை நான். போய்விட்டேன். ஆனால் உள்ளே இருந்து நிம்மதியாக இருந்தேனா? தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பதா, கொடுத்தால் வேலையைத் தடுத்த மாதிரி இருக்குமா, கொடுக்காவிட்டால் மரியாதை கெட்டவள் என்று நினைப்பாரா? நான் முடிவெடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வெளியே வர, அவர் எங்கள் கார் நிறுத்தும் டிரைவேயை முடித்து, படியைக் கூட்டி, என் புதுச் சவளை எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது சவள் இல்லை. அகப்பை."

அன்று தொடங்கியது. அதன்பிறகு சில குளிர்காலங்களாக என் வாசலில் விழுந்த பனியை அவர் என் கண்ணில் காட்டியதில்லை. இருட்டு விலகும் முன்பே "சர்ர்க், சர்ர்க்" என்று கேட்கும். அதுதான் எனக்கு அலாரம். என் மகள் பிறந்து கைக்குழந்தையாக இருந்த காலத்தில் எந்தத் தாலாட்டுக்கும் மசியாதவள், அந்தச் சத்தம் தொடங்கியதும் கண்ணை மூடிவிடுவாள். நானும் கூடவே கண்ணை மூடுவேன். அந்தக் காலத்தில் நான் தூங்கிய நல்ல தூக்கமெல்லாம் பனி நாட்களில்தான்.

அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. பனி விழுந்து முடிந்தபிறகு அள்ளுவது சோம்பேறிகளின் வேலை, விழ விழ அள்ள வேண்டும் என்பது முதல் சட்டம். காலையில் வானிலை அறிக்கையைக் கேட்பார், கேட்டுவிட்டு அதற்கு எதிர்மாறாகச் சொல்வார், அநேகமாகப் பிழையாகிப்போகும். "இண்டைக்கு ஒண்டும் வராது, என்ரை முழங்கால் சொல்லுது" என்று அவர் சொன்ன நாட்களில் நான் மகளுக்கு இரட்டைக் காலுறை போட்டிருக்கிறேன்.

ஆனால் தலையாய சட்டம் எல்லை பற்றியது. என் பனி என் வளவுக்குள், அவருடைய பனி அவருடைய வளவுக்குள். ஒரு சவள்கூட மாறி விழக் கூடாது. எங்கள் பக்கத்தில் பனி மலையாகக் குவிந்து இடமில்லாமல் போன ஒரு நாள், அவருடைய பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே போடுங்களேன் அங்கிள் என்றேன். அவர் சவளை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"உம்மடை ஸ்னோவை என்ரை வளவுக்கை போட்டால் நாளைக்கு எல்லைப் பிரச்சினை வரும்."

"ஏப்ரலிலை எல்லாம் உருகிப்போயிடும் அங்கிள்."

"உருகினால்? அந்தத் தண்ணி ஆரின்ரை தண்ணி?"

சட்டம் படித்த யாராவது இதை வாசித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அவருடைய ஜென்ம எதிரி நகரசபையின் பனி தள்ளும் வண்டி. டிரைவேயை மணித்தியாலக்கணக்கில் துப்புரவாக்கி வைத்திருப்போம். அந்த வண்டி வந்து, தெருப் பனியை எல்லாம் ஒதுக்கி, வாசல் வாயில் இடுப்பளவு அணை கட்டிவிட்டுப் போகும். இங்கே வீடு வைத்திருக்கும் எல்லோரும் இதற்குப் பழகிவிட்டோம். அங்கிள் பழகவில்லை. வண்டியின் மஞ்சள் விளக்கு தெருமுனையில் தெரிந்ததும் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் போய், சவளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார். சாரதி ஹோன் அடிப்பான். இவர் தலையை ஆட்டுவார். அன்ரி கதவைத் திறந்து, "இஞ்சாருங்கோ! அவன் அடிச்சுப்போட்டுப் போகப்போறான்!" என்று கத்துவார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நின்று, அவசரப் பொலிஸின் இலக்கத்தை அழுத்துவதா விடுவதா என்று விரலை வைத்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அந்தச் சாரதி தகட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டு வீட்டையும் கடப்பான். அங்கிள் சல்யூட் அடிப்பார். அவனும் திருப்பி அடிப்பான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அவர்கள் சிநேகிதரானார்கள்.

இப்படிப்பட்டவருக்கு என்ன கொடுப்பது? அதுதான் என் தலையிடி. சும்மா வாங்கிக்கொண்டு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு கொடுத்துப் பார்த்தேன். ஐஸ்கிறீம் டப்பாவில் உளுந்துவடை கொடுத்தால், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா, அடுத்த நாள் டப்பா நிறைய உப்பு வரும். சாப்பிடும் உப்பு அல்ல, பனி வழுக்காமல் படியில் தூவும் உப்பு. முதல் தடவை அதைக் குசினி மேசையில் கண்ட என் கணவர் கறிக்கு அள்ளப் போனார். நான் போட்ட கூச்சலில் குழந்தை எழும்பிவிட்டது.

ஒரு தைப்பொங்கலுக்குத் துணிந்து ஓர் உறையில் ஐம்பது டொலர் வைத்துக் கொண்டுபோனேன். கொடுத்தவருக்கு முன்னாலே யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நீட்டினேன். அவர் பிரித்தார். எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஒண்டு எங்கை?"

"எது அங்கிள்?"

"ஐம்பத்தொண்டு எண்டால் நல்ல காரியம். வெறும் ஐம்பது செத்த வீட்டுக்குக் குடுக்கிறது. ஏன் பிள்ளை, எனக்குப் பெட்டி வந்திட்டுதோ?"

 வருடத்தின் நல்ல நாளில், ஒரு பெரிய மனிதருக்கு, நானே என் கையால்! சப்பாத்துகூடச் சரியாகப் போடாமல் வீட்டுக்கு ஓடி, மகளின் உண்டியலைக் கவிழ்த்து ஒரு டொலர்க் குற்றியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அவர் அதை வாங்கி உறைக்குள் போட்டார், குலுக்கிப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார்.

"இப்ப சரி. இப்ப இது கலியாண வீடு."

பிறகு அப்படியே உறையை என் இடுப்பில் இருந்த மகளின் கையில் திணித்தார். "குஞ்சு, உன்ரை கலியாணத்துக்கு இப்பவே மொய் எழுதிட்டன். நான் வராட்டிக் குறை சொல்லாதை."

கொம்பனிக்குக் கொடுத்துப் பனி அள்ளுகிறவர்களை அவர் மனிதரில் சேர்த்ததில்லை. இங்கே அந்தக் கொம்பனிகள் இலை கொட்டும் காலத்திலேயே முழுக் குளிர்காலத்துக்கும் பணம் வாங்கிக்கொள்வார்கள். "பெய்யாத ஸ்னோவுக்கு முற்பணமோ? பிறக்காத மாப்பிள்ளைக்குச் சீதனம் குடுக்கிற மாதிரி எல்லோ கிடக்கு!" என்பார். நானும் சிரிப்பேன். அப்போது எனக்கு என்ன தெரியும்?

ஒரு இலையுதிர்காலத்தில் அங்கிளுக்கு நெஞ்சுநோ வந்தது. அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் சிறு கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். வீடு வந்த கிழமை, அவர் படுத்திருந்த நேரம் பார்த்து அன்ரி என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்தும் இருக்கவில்லை.

"பிள்ளை, ஒரு உதவி. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்கோ அன்ரி."

"டொக்டர் சவளைத் தொடவே வேண்டாம் எண்டிட்டார். எங்கடை வாசலுக்கு நான் கொம்பனியைப் பிடிச்சிட்டன். சாப்பிடாமல் கிடந்துதான் சம்மதிக்க வைச்சனான். ஆனா உம்மடை வாசலை விடமாட்டாராம். 'அந்தப் பிள்ளை குழந்தையோடை தனிய நிக்குது, என்னை நம்பி இருக்குது' எண்டுறார். நீரும் கொம்பனியைப் பிடியும். நீரா விரும்பிப் பிடிச்ச மாதிரி இருக்கட்டும். நான் சொன்னதெண்டு தெரிஞ்சால் அடுத்த நிமிசம் சவளோடை உம்மடை வாசலிலை நிப்பார்."

"என்னைப் பற்றி என்ன நினைப்பார் அன்ரி?"

"கோவிப்பார்." அன்ரி கண்ணைத் துடைத்தார். "உயிரோடை இருந்து கோவிக்கட்டும்."

அன்றைக்கே கொம்பனிக்குப் பணம் கட்டினேன். அடுத்த நாள் அவர்கள் வந்து எங்கள் டிரைவேயின் ஓரத்தில் செம்மஞ்சள் தடிகளை நட்டுவிட்டுப் போனார்கள். பனி மூடினால் ட்ரக்டர்காரன் ஓரம் பார்ப்பதற்கான அடையாளம் அது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கிள் மெதுவாக வெளியே வந்தார். தடியைப் பார்த்தார். என் வீட்டைப் பார்த்தார். திரும்பவும் தடியைப் பார்த்தார். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால் நான் அழுதே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. குனிந்து, தடிக்குப் பக்கத்தில் கையை வைத்து அளந்தார். நான் வெளியே போனேன்.

"உந்தக் கதியால் என்ரை வளவுக்கை ரண்டு விரல் நிக்குது."

வேலி போட நடும் தடியைத்தான் எங்கள் ஊரில் கதியால் என்பது. வேலிக்காகக் கோடு ஏறி வழக்காடாத குடும்பம் எங்கள் ஆட்களில் குறைவு.

"அங்கிள், அது வேலி இல்லை. ட்ரக்டருக்கு அடையாளம்."

"எல்லா வேலியும் அடையாளமாத்தான் பிள்ளை தொடங்கினது."

அதோடு என்னோடு கதையை நிறுத்திவிட்டார். அடுத்த நாள் காலை அந்தத் தடி இரண்டு விரல் எங்கள் பக்கம் நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு விரல். நிலம் இறுகும் வரைக்கும் அது ஒவ்வொரு நாளும் நடந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு எஞ்சியிருந்த ஒரே தொழில் அது, அதையும் எப்படிப் பறிப்பது?

முதல் பனி விழுந்தது. ட்ரக்டர் வந்தது. சாரதி அந்தத் தடியை நம்பி ஓரம் வைத்து இறங்கினான், மற்றப் பக்கத்தால் எங்கள் புல்தரையில் ஏறினான். டிரைவேயில் ஓரமாக ஒரு கீலம் பனியை அப்படியே விட்டுவிட்டு, புல்லை நேர்த்திக்கடன் மொட்டை மாதிரி வழித்து, என் ரோசாச் செடியை வேரோடு அள்ளிப் பனிக்குவியலில் எறிந்துவிட்டுப் போனான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. வீட்டுச் செருப்போடு அங்கிள்.

"பாத்தீரோ! மெசினுக்குக் கண் இல்லை!"

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு ரோசாச் செடிக்கு அது மலிவு என்றுதான் எனக்குப் பட்டது.

ஆனாலும் மனம் பழையபடி சேரவில்லை. பனி நாட்களில் அவர் ஜன்னலில் நிற்பார், குல்லாவும் மஞ்சள் அங்கியும் போட்டபடி, வீட்டுக்குள்ளே. நான் கையைக் காட்டினால் தலையை மட்டும் ஆட்டுவார்.

மாசியில் ஈரப் பனி கொட்டியது. கல்லுப் போன்ற பாரம். கொம்பனி வண்டி வரவில்லை, ரெலிபோனும் எடுக்கிறார்கள் இல்லை. நகரசபை வண்டி வாசலில் அணை கட்டிவிட்டுப் போய்விட்டது. மகளைக் கார்டெரி என்னும் பிள்ளைகள் காப்பகத்தில் விட வேண்டும், எனக்கு ஒபிஸில் முக்கியமான கூட்டம். ஜன்னலால் பார்த்தேன். பக்கத்து ஜன்னலில் அங்கிள் இல்லை. அவ்வளவுதான். இரவு உடுப்போடு கோட்டை மாட்டிக்கொண்டு பாய்ந்தேன். சரியாக அதே நேரம் அவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி சவளோடு வந்தார்.

"விடும் பிள்ளை. உது உம்மாலை ஏலாது."

"அங்கிள், உள்ளை போங்கோ!"

"ஏன், நான் கொம்பனியை விட மோசமோ?"

"போங்கோ எண்டுறன்!"

பெரியவர் ஒருவரிடம் நான் குரல் உயர்த்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சவளின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். அவர் மறுநுனியை விடவில்லை. நடு டிரைவேயில் இழுபறி. என் மகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கை தட்டினாள். அன்ரி தன் வீட்டுப் படியில் நின்று முருகனைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் எப்பிடி அன்ரியின்ரை முகத்திலை முழிக்கிறது!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படியில் நின்ற அன்ரியைப் பார்த்தார்.

"அவவோ சொன்னவ?"

"இல்லை அங்கிள். மெசின் எண்டால் கெதியாச் செய்யும் எண்டுதான்..."

அவர் வெறிச்சென்று கிடந்த தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். "ஓம், கெதியாத்தான் செய்யுது" என்றார். சொல்லிவிட்டுச் சவளை விட்டார். முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டு நின்ற நான் மல்லாக்கப் பனிக்குள் விழுந்தேன்.

நான் எழும்பியபோது அவர் உப்பு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கால் மேல் கால் போட்டு இருந்தார். அன்ரி போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போனார். நான் அள்ளினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்னோ அள்ளுறீரோ, பாயாசம் கிண்டுறீரோ?"

"அங்கிள், பேசாமல் இருங்கோ."

"உதென்ன, என்ரை பக்கம் ஒரு சவள் விழுந்திட்டுது. எடும்."

எடுத்தேன். அன்றைக்குக் கூட்டத்தைத் தவறவிட்டேன், கார்டெரிக்காரியிடம் பேச்சு வாங்கினேன். அந்த நாளைப் போல இன்னொரு நாள் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி தவறவிடுவேன்.

அந்த வெயில்காலம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு தீவுக்கு அந்தப் பக்கம் லாவலில் தங்கள் மகளுக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடிக்குப் போனார்கள். கார் நிறுத்துவது நிலத்துக்குக் கீழே. எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள், நானும்தான் சொன்னேன். இப்போது பக்கத்து வீட்டில் ஒரு இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள், கண்டால் "பொன்ஷூர்" சொல்வார்கள். அவர்களுடைய மெசின் பனியை விசிறி எறியும்போது பாதி என் வளவுக்குள் விழுகிறது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் ஏதோ செய்கிறது.

ஒவ்வொரு பனிக்கும் லாவலில் இருந்து ரெலிபோன் வரும்.

"பிள்ளை, அங்கை எவ்வளவு?"

"கணுக்கால் அளவு அங்கிள்."

"ஈரமோ, மாவோ?"

"மா."

"ம்." எழும்பி ஜன்னலடிக்குப் போகும் சத்தம் கேட்கும். "இஞ்சை எட்டாம் மாடி. ஸ்னோ ஜன்னலுக்கு முன்னாலை விழுந்து கீழை போகுது. நிக்கிறேல்லை."

 நான் மகளைக் கூப்பிட்டு ரெலிபோனைக் கொடுத்துவிடுவேன். அவள் அவருக்குப் பிரெஞ்சில் பாடிக் காட்டுவாள். விளங்காவிட்டாலும் கடைசி வரைக்கும் கேட்பார். பனி விழும் காலைகளில் நான் இப்போதும் அந்த நேரத்துக்கே முழித்துவிடுகிறேன். ஒரு சத்தமும் இருக்காது. படுத்தபடியே காத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

அன்ரிக்கு ரெலிபோன் எடுத்துத்தான் இதை எழுத அனுமதி கேட்டேன். "எழுதும் பிள்ளை, நான் உம்மட்டை வந்து சொன்னது அவருக்கு எப்பவோ தெரியும்" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். அங்கிளும் அன்ரியும் வருகிறார்கள். அந்தக் காலத்தில் பனி நிச்சயம் இருக்கும். கொம்பனிக்காரர் அவர்கள் வருமுன் வாசலைத் துடைத்து வைத்துவிடுவார்கள், இப்போது ஒழுங்காகத்தான் வருகிறார்கள். என் பிரச்சினை இதுதான். முன்படியில் மட்டும் தூள் பனியாக ஒரு பிடி, குழந்தை அள்ளக்கூடிய அளவு, அவருக்காக விட்டுவைக்கலாமா? டொக்டர் இலேசான வேலை செய்யலாம் என்கிறாராம். ஆனால் அவருக்கு எது இலேசு என்று டொக்டருக்குத் தெரியுமா? அன்ரி காரிலிருந்து இறங்கி அதைக் கண்டால் என்னை மன்னிப்பாரா? ஒன்றுமே இல்லாமல் துடைத்த படியில் அவர் காலை வைத்தால், அவருடைய முகம் எப்படிப் போகும்?

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருக்கிறவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். விடுவதா, துடைப்பதா? விடலாம் என்றால், எவ்வளவு?